தலை குனிந்த பொம்மை

பீரங்கிக்குள் இன்னும் கோழியை வைக்கவில்லை. அதற்குள் பொம்மை தலை குனிந்துகொண்டது.

கண்காணிப்பு அறையின் திரையில் அதைப் பார்த்த பரிசோதனைப் பொறியாளர் மங்கையர்க்கரசி, வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். தடித்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கொட்டகையின் நடுவில், ஒரு போர் விமானத்தின் மூக்குப் பகுதி மட்டும் இரும்புச் சட்டத்தில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. அதன் மேல் கவிழ்ந்திருந்த கண்ணாடிக் கூட்டைத்தான் கேனபி என்பார்கள். உள்ளே, விமானியின் இருக்கையில், பொம்மை. எதிரே அதன் முகத்தைக் குறிபார்த்து நீண்டிருந்தது காற்றுப் பீரங்கியின் குழாய்.

பறக்கும் விமானத்தில் பறவை மோதினால் கேனபி தாங்குமா என்று பார்க்க, செத்த கோழியை அதே வேகத்தில் அதன்மேல் எய்து பார்ப்பது வெகுகாலமாக இருக்கும் முறை. கண்ணாடி உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. அடிபட்ட இடம் ஒரு கணம் உள்ளே குழியும். அந்தக் குழிவு அலைபோலப் பின்னால் ஓடி, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஓடும்போது அது விமானியின் தலையைத் தொட்டுவிடக் கூடாது. பழைய ஹெல்மெட் இருந்த காலத்தில் தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் இடம் இருந்தது. புதிய ஹெல்மெட் வந்த பிறகு நான்கு விரல்கூட நுழையாது.

புதியது பெரிதாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அதைச் சுற்றிலும் கேமராக்கள். உள்ளே, விமானியின் மூளை உடம்புக்கு அனுப்பும் கட்டளைகளைப் படிக்கிற வலை. ஆபத்து வந்தால் அவனுக்கு முன்பே அது பார்த்துவிடும். அவனை லேசாக உசுப்பியும் விடும். ஒருவனோடு பறக்கப் பறக்க, எதற்கு அவன் உடம்பு எப்படி அசையும் என்பதை அது கற்றுக்கொள்ளும். கற்றதையெல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பி வைக்கும்; மற்ற ஹெல்மெட்டுகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு விமானியைப் பற்றி அப்படிச் சேர்ந்த பதிவை உடுமலைக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோரும் 'நிழல்' என்றார்கள்.

நிஜ விமானியின் தலைபோலவே அசைய வேண்டும் என்று பொம்மைக்குள் ஏற்றியிருந்தது விங் கமாண்டர் திருமூர்த்தியின் நிழல். அந்த ஹெல்மெட்டை அணிந்து மற்ற எவரையும்விட அதிகம் பறந்தவர் அவர். போன வருஷம் மூளைக் காய்ச்சலில் இறந்துபோனார்.

"சார், ஒரு நிமிஷம் வாங்க," என்று அழைத்தாள் மங்கையர்க்கரசி.

நிலையத்தின் இயக்குநர் சேவியர் வந்து திரையைப் பார்த்தார். நரைத்த தாடியைத் தடவிக்கொண்டார்.

"குனியுது. நல்லதுதானே? குனிஞ்சா அலை மேல போயிடும். நமக்கு வேண்டியதே அதுதான்."

"பீரங்கியில இன்னும் காத்தே அடைக்கல சார். கொஞ்ச நாள் கோழி வர்றத பாத்துக் குனிஞ்சுது. அப்புறம் காத்து அடைக்கிற சத்தத்துக்கே குனிஞ்சுது. இன்னிக்கு நிழலை ஏத்தின உடனே குனிஞ்சிடுச்சு."

"ஒவ்வொரு தடவையும் பழையதை அழிச்சிட்டுத்தானே ஏத்துறோம்?"

"ஆமா சார். பொம்மைக்குள்ள இருக்கிறத அழிக்கிறோம். ஆனா ஹெல்மெட் அதுக்குள்ளயே கத்துக்கிட்டத களஞ்சியத்துக்கு அனுப்பிடுது. மறுபடி அங்கிருந்துதான எடுக்கிறோம்? நாம ஏத்துறது பழைய திருமூர்த்தி இல்ல. இத்தனை தடவை அடிவாங்கின திருமூர்த்தி."

சேவியர் சிரித்தார். இளக்காரச் சிரிப்பு இல்லை; களைத்த மனிதனின் சிரிப்பு. "திருமூர்த்தின்னு சொல்லாத மங்கை. அது ஒரு அட்டவணை. இதுக்கு இதுன்னு எழுதி வச்ச அட்டவணை. சூடு பட்டா கை தானா பின்னால வருது. கைக்கு வருத்தம்னு ஒண்ணு உண்டா?"

"முதல் தடவை அது குனியவே இல்ல சார். நேரா பாத்துச்சு. அலை வந்து ஹெல்மெட்ல அடிச்சு, கழுத்து மோட்டாரே முறிஞ்சு போச்சு."

"அது மோட்டாரைச் சரியா பொருத்தாததுனால. அதைக் கணக்கில எடுக்க வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணினோம். நீ சுடு."

கோழியை வைத்துக் காற்றை அடைத்ததும் அவள் சுட்டாள். இடி போன்ற சத்தம். கண்ணாடியெங்கும் ரத்தமும் இறகும். அலை குனிந்த தலைக்கு மேலே ஓடி மறைந்தது. தேர்ச்சி. அடுத்து இறகுகளைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பொம்மை தலையை நிமிர்த்தவே இல்லை.

*

அந்த வாரக் கடைசியில் திருமூர்த்தியின் மனைவி பூங்கொடி வந்தாள். நெகமம் பக்கத்தில் சொந்தமாகத் தென்னைநார் மில் நடத்துகிறவள்; தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். கணவரின் நிழலைப் பயன்படுத்த அவள் கொடுத்த சம்மதம் ஒரு வருஷத்துக்குத்தான். இனி எப்போதைக்குமாக வாங்கிவிட வேண்டும் என்று சேவியர் அவளை அழைத்திருந்தார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா பாக்கோணுமுங்க," என்றாள் பூங்கொடி.

"அது வெறும் பொம்மைம்மா. பார்த்தா உங்களுக்குத்தான் சங்கடம்."

"பரவால்லீங்க. பாக்காம போனாலும் சங்கடந்தானுங்க."

மங்கையர்க்கரசி அவளைக் கொட்டகைக்குள் அழைத்துப் போனாள். அங்கே புதிய ஹெல்மெட்டோடு பறக்கும் விமானிகளின் சார்பில் பரிசோதனையைப் பார்க்க வந்திருந்த ஃபிளைட் லெப்டினன்ட் யுகேந்திரனும் நின்றிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். திருமூர்த்தியை அவன் சந்தித்ததில்லை. பூங்கொடி யாரென்று தெரிந்ததும் விறைத்து நின்று வணக்கம் சொன்னான்.

அன்று சுடுவதாக இல்லை. பீரங்கியின் வாயை மூடி வைத்திருந்தார்கள். கேனபியையும் திறந்து வைத்தாகிவிட்டது. நிழலை ஏற்றினாள் மங்கையர்க்கரசி. பொம்மையின் கழுத்து மோட்டார் முனகியது. ஏறிய உடனே தலை குனிந்தது. "இப்பெல்லாம் ஏத்தினதுமே குனியுதுங்க," என்றாள்.

பூங்கொடி ஏணியில் ஏறி, அதன் முகம் இருக்கும் உயரத்துக்கு வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முகம் என்று ஒன்றுமில்லை. கறுத்த கண்ணாடி மூடி, அதன் மேல் கேமராக்கள். அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க மேடம், இவரு குனியறாருன்னா சொன்னீங்க?"

"ஆமாங்க. அடி விழும்னு குனியறதுதான்."

"இல்லீங்க. தேடறாரு."

"எப்படிங்க சொல்றீங்க?"

"அடிக்குப் பயந்து குனிஞ்சா தலை அப்படியே கிடக்கோணும். இங்க பாருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். வண்டிச் சாவியைக் காணோம்னா வாசல்ல நின்னுட்டு இப்படித்தான் பாப்பாரு. ஒருத்தரையும் கேக்க மாட்டாரு." பிறகு அவள் இருக்கைக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்குக் கை எங்கீங்க?"

"கை வைக்கலைங்க. கழுத்து அசையறதுதான் எங்களுக்கு வேணும்."

பின்னால் நின்ற யுகேந்திரன் ஏணியின் கம்பியைப் பற்றினான்.

"மேடம், அது கைப்பிடியத் தேடுது."

"எந்தக் கைப்பிடி?"

"ரெண்டு தொடைக்கும் நடுவுல இருக்கும். இழுத்தா சீட்டோட நம்மள வெளிய தூக்கி எறியும். உயிர் தப்பிக்கிறதுக்கு இருக்கிற ஒரே வழி." அவன் பொம்மையின் மடியைக் காட்டினான். "இங்க கைப்பிடியும் இல்ல. இருந்தாலும் இழுக்கக் கையும் இல்ல."

கழுத்து மோட்டார் இடமும் வலமுமாக முனகிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசி போய் நிழலை நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் காதில் இருந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றான் யுகேந்திரன். "சொன்னா பறக்க விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. எனக்கும் அப்படி வருது மேடம். போன மாசம் தாழப் பறந்தப்ப திடீர்னு தலை குனிஞ்சுது. நான் ஒண்ணையும் பாக்கல. குனிஞ்ச பிறகுதான் சத்தம் கேட்டுது. பருந்து. குனியலேன்னா அன்னிக்கே கழுத்து போயிருக்கும்."

"அப்ப நல்லதுதானே தம்பி?" என்றாள் பூங்கொடி.

"அதுக்கப்புறம் காரணமே இல்லாம வருது. பல்லடத்துக்கு மேல பறந்துட்டிருக்கேன். வானம் சுத்தமா இருக்கு. கை தானா கைப்பிடிக்குப் போயிருச்சு. இழுத்திருந்தா ஆளில்லாத விமானம் ஊர் மேல விழுந்திருக்கும். ஸ்கூட்டர்ல போறேன், ஒரு காக்கா குறுக்க போனாலும் குனியறேன். எங்க ஸ்குவாட்ரன்ல இன்னும் நாலஞ்சு பேருக்கு இருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதில்ல, அவ்ளோதான். அந்த பயம் எங்களோடது இல்ல மேடம். எங்கிருந்து வருதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

*

மூவரையும் தன் அறையில் உட்கார வைத்து, சேவியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மேசைமீது இருந்த கண்ணாடித் துண்டு ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பழைய பரிசோதனையில் உடைந்த கேனபியின் துண்டு.

"சரி. நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம்," என்றார். "அதுக்கு என்ன அர்த்தம்? இந்தப் பொம்மை கத்துக்கிட்டது களஞ்சியம் வழியா உயிரோட இருக்கிறவங்களுக்குப் போய்ச் சேருது. அதனாலதான் இந்தப் பையன் இன்னிக்கு நம்ம முன்னாடி உக்காந்திருக்கான். பூங்கொடியம்மா, உங்க வீட்டுக்காரர் செத்த பிறகும் ஆள் காப்பாத்திட்டு இருக்கார். அந்த ஹெல்மெட்டோட நாப்பது பசங்க பறக்கிறாங்க. நீங்க சம்மதம் இல்லேன்னு சொன்னா அவர் நிழலைக் களஞ்சியத்துலேருந்து எடுத்தாகணும். அப்ப அந்தக் குனியற பழக்கமும் போயிடும். அடுத்த பருந்து யார் கழுத்தை முறிக்கும்னு நான் சொல்ல முடியாது."

"ஹெல்மெட்டையே திருப்பி வாங்கிடலாம் சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "முதல் தடவை சுட்டதுதான் உண்மையான பரிசோதனை. அதுல தேறல. எந்த விமானியும் குனிய மாட்டான், நேராத்தான் பாப்பான். அடி வாங்கி வாங்கித்தான் இது குனியக் கத்துக்கிச்சு."

"திருப்பி வாங்கினா பழைய ஹெல்மெட். பழைய ஹெல்மெட்டோட எதிரி முன்னாடி போனா திரும்பி வர்றவங்க எத்தனை பேர்? அதையும் நீ யோசிக்கணும். பருந்தால மட்டுமா சாவறாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது மங்கையர்க்கரசிக்குத் தெரியும்.

பூங்கொடி அவள் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்க சொல்லுங்க. அவருக்கு வலிக்குமுங்களா?"

"தெரியலைங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "வலிக்காதுன்னு சார் நம்பறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். இப்ப தெரியல. தெரியாம இன்னொரு தடவை என்னால சுட முடியாது."

பூங்கொடி யுகேந்திரனைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேணும் தம்பி? மறைக்காம சொல்லுங்க. நீங்கதான பறக்கறீங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளின் இறக்கைகள் நிழல் நிழலாகத் தரையில் விழுந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு நிழலும் ஜன்னலைக் கடக்கும்போது அவன் தோள் இலேசாக ஒடுங்கியதைப் பூங்கொடி கவனித்தாள்.

"பயம் வேணுங்க்கா," என்றான் கடைசியில். மேடம் என்பது அக்கா ஆகிவிட்டதை அவனே கவனிக்கவில்லை. "பயமில்லாம பறக்கக் கூடாது. ஆனா அது என்னோட பயமா இருக்கணும். இது வேற யாரோ எனக்குள்ள உக்காந்து கதறுற மாதிரி இருக்கு."

பூங்கொடி எழுந்தாள்.

"நான் கையெழுத்துப் போடலீங்க சார். காய்ச்சல்ல கிடந்தப்ப அவரு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கையைக் கட்டில்ல கட்டியிருந்தாங்க, ஊசியைப் பிடுங்கிடறாருன்னு. 'கட்டை அவுத்து விடு பூவு'ன்னாரு. டாக்டரு வேண்டாம்னாங்க. நானும் அவுக்கல." அவள் குரல் இறங்கவில்லை, அப்படியே சமமாக இருந்தது. "எடுக்கறதுக்கு முன்னாடி இவருக்குக் கை வச்சுக் குடுங்க. அந்தக் கைப்பிடியும் வைங்க. நீங்க ஒண்ணும் நிறுத்த வேண்டாம். அவரே இழுக்கட்டும்."

*

அடுத்து நடந்தவை எதுவும் சத்தமாக நடக்கவில்லை. முதல் சுடுதலையும் சேர்த்து மங்கையர்க்கரசி அறிக்கை எழுதினாள்: பெரிய ஹெல்மெட்டோடு இந்தக் கேனபி பாதுகாப்பானதல்ல. மேலிடத்தில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி. முடிவு தெரியும்வரை அந்த ஹெல்மெட்டோடு யாரும் பறக்க வேண்டாம் என்று உத்தரவு வந்தது. கூடவே மங்கையர்க்கரசியை மாதக் கடைசியில் சக்கரப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றும் உத்தரவும் வந்தது. சேவியர் அதைத் தன் கையாலேயே கொடுத்தார். "நான் கேட்டு வாங்கல மங்கை," என்றார். அவள் நம்பினாள்.

பூங்கொடி கேட்டதை அவர் தடுக்கவில்லை. "ரெண்டு கை வைக்கிறதுல என்ன போச்சு? அந்தம்மா மனசு ஆறட்டும். அட்டவணை எதையும் இழுக்கப் போறதில்ல," என்றார்.

கைகளைப் பொருத்த ஒரு வாரம் ஆயிற்று. அசையும் விரல்கள் கொண்ட இரண்டு இயந்திரக் கைகள். இருக்கையில் மஞ்சளும் கறுப்புமாக வரியிட்ட கைப்பிடி. அதன் அடியில் வெடிமருந்து எதுவும் கிடையாது; ஒரு சுவிட்ச் மட்டும். இழுத்தால் பொம்மையில் இருக்கும் நிழலும் களஞ்சியத்தில் இருப்பதும் ஒன்றாக அழியும்படி மங்கையர்க்கரசி இணைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். கொட்டகையின் பெரிய கதவுகள் இரண்டையும் திறந்து வைத்திருந்தார்கள். பீரங்கியைக் கழற்றி ஓரமாகத் தள்ளியாயிற்று. விமானத்தின் மூக்கைச் சுற்றி நெருங்கி நின்றார்கள்: பூங்கொடி ஏணியின் அருகில், யுகேந்திரன் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், மங்கையர்க்கரசி தன் கணினியோடு இன்னொரு பக்கம். சேவியர் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நிழலை ஏற்றினாள்.

தலை குனிந்தது. இடம், வலம். பிறகு நின்றது. கைப்பிடியைப் பார்த்துவிட்டது.

இரண்டு கைகளும் மெதுவாக எழுந்தன. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக் கைப்பிடியைப் பற்றின.

இழுக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே காற்றாலைகள் சுற்றும் ஓசை கேட்டது. கைகள் கைப்பிடியிலேயே இருந்தன. "நான் சொல்லல?" என்றார் சேவியர், கதவோரத்திலிருந்து, தாழ்ந்த குரலில். அதில் வெற்றி எதுவும் இல்லை.

அப்போது பொம்மை தலையைத் திருப்பியது. கேமராக்கள் பூங்கொடியின் மீது நின்றன. அவளைத் தாண்டி யுகேந்திரனிடம் போயின. மறுபக்கம் திரும்பி மங்கையர்க்கரசியைப் பார்த்தன. வலது கை கைப்பிடியை விட்டு எழுந்து, உள்ளங்கை வெளியே தெரியும்படி, காற்றைத் தள்ளுவதுபோல அசைந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"என்ன பண்ணுது?" என்றாள் மங்கையர்க்கரசி.

யுகேந்திரன் சொன்னான்: "நம்மள விலகச் சொல்றாரு மேடம். சீட்டு வெடிச்சுக் கிளம்பினா பக்கத்துல நிக்கிறவங்க கருகிடுவாங்க. ஆள் நிக்கும்போது இழுக்கக் கூடாது. அதுக்காகத்தான் காத்திட்டு இருக்காரு."

அவன் முதலில் பின்னால் நகர்ந்தான். தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றான். மங்கையர்க்கரசி கணினியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். பூங்கொடி மட்டும் ஏணியைப் பிடித்தபடி நின்றாள்.

பொம்மை அவள் பக்கம் திரும்பியது. கை மறுபடி அசைந்தது. இந்த முறை மெல்ல, மிக மெல்ல.

"சரீங்க, சரீங்க," என்றாள் பூங்கொடி. "போறேன். நீங்க பாத்துப் போங்க."

அவள் ஏணியை விட்டுவிட்டுப் பின்னோக்கியே நடந்தாள், கண்ணை எடுக்காமல். கோட்டுக்கு அப்பால் யுகேந்திரன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

பொம்மை ஒருமுறை இடம் பார்த்தது, வலம் பார்த்தது. கை திரும்பிப் போய்க் கைப்பிடியில் மற்றொன்றோடு சேர்ந்தது. பிறகு, இத்தனை காலமாகக் குனிந்தே கிடந்த தலை நிமிர்ந்தது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. பின்மண்டை தலைசாய்ப்பில் நேராகப் பதிந்தது.

இழுத்தது.

டக் என்ற சின்னச் சத்தம். அவ்வளவுதான். கழுத்து மோட்டாரின் முனகல் நின்றது. மங்கையர்க்கரசியின் திரை வெறுமையானது. களஞ்சியத்தில் அந்தப் பெயர் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. யுகேந்திரன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டான். பூங்கொடி திறந்த கதவு வழியாக மேலே, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முடிந்துவிட்டது என்று சொல்வதற்காக மங்கையர்க்கரசி சேவியரைத் தேடித் திரும்பினாள்.

கதவோரத்தில் அவர் இல்லை. எல்லோருக்கும் பின்னால், கொட்டகையின் கடைசிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வெடிச்சத்தத்தை எதிர்பார்க்கிறவரைப் போல இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.